விருதுக்கு ஒரு நாள், வாவிக்கு எல்லா நாளும்

ஒக்டோபர் மாதத்தில் விருது வாங்கக் கொழும்புக்குப் போகிற ஆசிரியரை மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் அடையாளம் காண்பது சுலபம். மடிப்புக் கலையாத சேலை தனிப் பையில் தொங்கும். கைப்பையில் அழைப்புக் கடிதமும் அதன் போட்டோப் பிரதிகளும் இருக்கும். கூட வந்த கணவரோ அண்ணனோ பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்க, டீச்சர் கைபேசியை வைக்கமாட்டார். பேச்சு விருதைப் பற்றியதாக இராது. நாளைக்கு மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புக்கு யார் போவது, தவணைப் பரீட்சைத் தாள்களை வலயத்தில் யார் வாங்குவது, மூன்று நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று அது நீளும். ரயில் ஏறாவூர் தாண்டும்வரை பாடசாலை அவரைவிட்டு இறங்குவதில்லை.

இலங்கையில் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அதையொட்டிக் கல்வி அமைச்சு சிறந்த அதிபர்களையும் ஆசிரியர்களையும் தெரிந்தெடுத்து வழங்கும் விருது 'குரு பிரதீபா பிரபா'. நாட்டின் எல்லா மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மேடை, மின்விளக்கு, பதக்கம், சான்றிதழ், அமைச்சருடன் ஒரு படம். ஊர் திரும்பினால் பாடசாலை வாசலில் பதாகை, பாண்ட் வாத்தியம், பூமாலை. முகநூலில் பழைய மாணவர்களின் வாழ்த்து கனடாவிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்து குவியும்.

இந்தக் கொண்டாட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. முப்பது வருடம் சுண்ணக்கட்டியோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு நாள் மாலை விழுவதில் என்ன பிழை? ஆனால் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று பார்த்தால் இந்தப் பயணத்தில் ஒரு முரண் தெரியும். ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ரயிலில் போவது ஆசிரியருக்குப் பெரிய காரியமே அல்ல. தினமும் காலையில் வாவியைக் கடந்து அக்கரைப் பாடசாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய காரியம். அந்தப் பயணத்துக்கு விருதும் இல்லை, அதைப் பார்க்கத் தலைநகரிலிருந்து ஆளும் வருவதில்லை.

தலைநகருக்குப் போகும் வழி

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை தாண்டி மனம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, பொலன்னறுவை, கல்லோயாச் சந்தி, மாகோ வழியாகக் கோட்டைக்குப் போகும் நீண்ட பாதை. மனம்பிட்டியின் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே தளத்தில் மாறி மாறிப் போன காலத்தை இன்றைய மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாகனங்களுக்கென்று தனிப் பாலம் 2007இல்தான் வந்தது. போர்க்காலத்தில் ரயில் மட்டக்களப்புவரை வராத ஆண்டுகள் உண்டு. இப்போதைய தொல்லை யானை. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் ரயில் யானைக் கூட்டமொன்றில் மோதியதில் ஆறு யானைகள் செத்தன, பெட்டிகளும் தடம்புரண்டன. அன்றைக்கு அந்த வண்டியில் போனவர்கள் நடுக்காட்டில் சிக்கிக்கொண்டார்கள்.

கொழும்பு என்று எல்லோரும் சொன்னாலும் சட்டப்படி நாட்டின் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. 1982இல் நாடாளுமன்றம் அங்கே போனது. கல்வி அமைச்சு இருப்பது அதற்குப் பக்கத்தில், பத்தரமுல்லை இசுருபாயவில். ஆசிரியர்களுக்கு 'இசுருபாய' என்பது வெறும் கட்டடத்தின் பெயர் அல்ல. இடமாற்றம், பதவியுயர்வு, சம்பள நிலுவை என்று எந்தக் கோப்பைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் அந்தப் பெயர் வரும். ஓர் ஆசிரியரின் கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் அதிபர், பிறகு கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு திருகோணமலையில் மாகாணத் திணைக்களம், அதற்குப் பிறகுதான் இசுருபாய. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைக்குப் போய்விட்டன, தேசியப் பாடசாலைகள் மட்டும் மத்திய அமைச்சின் கீழ் நின்றன. ஆகவே பல ஆசிரியர்களுக்கு விருது வாங்கப் போகிற நாள்தான், தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அமைச்சின் ஆட்களை நேரில் காண்கிற முதல் நாள். காண்பது மேடையில். கையைக் குலுக்கிச் சான்றிதழை வாங்கிப் படத்துக்குப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று சொல்ல முடியாது.

வேறு பல நாடுகளிலும் வழக்கம் இதுதான். இந்தியாவில் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டெம்பர் 5இல் தேசிய நல்லாசிரியர் விருதுபெறுவோர் புதுதில்லிக்குப் போய்க் குடியரசுத் தலைவரின் கையால் வாங்குகிறார்கள். அந்த விருது 1958இல் தொடங்கியது. அமெரிக்காவில் 1952இலிருந்து ஆண்டுக்கு ஓர் ஆசிரியரைத் தெரிவுசெய்து வெள்ளை மாளிகைக்கு அழைக்கும் மரபு இருக்கிறது. உலக ஆசிரியர் தினமான ஒக்டோபர் 5, ஆசிரியர்களின் தகுதிநிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் அமைப்பும் 1966இல் வெளியிட்ட பரிந்துரையின் நினைவு நாள். அந்தப் பரிந்துரையில் பேசப்பட்டவை சம்பளம், வேலை நிபந்தனை, பயிற்சி, மதிப்பு ஆகியவை. மாலை மரியாதை அதற்குப் பிறகு சேர்ந்துகொண்டது.

பாதை ஏறும் காலை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள கரை எழுவான்கரை. பெரிய ஊர்கள், பட்டினம், பிரதான வீதி, ஆஸ்பத்திரி, பேர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் அந்தப் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி எல்லாம் அங்கே. மாவட்டத்துக்குச் சோறு போடுவது அந்தக் கரை. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் குடியிருப்பது எழுவான்கரை. ஆகவே ஒவ்வொரு காலையும் கல்வி கிழக்கிலிருந்து மேற்காக வாவியைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பாலங்கள் இருக்கின்றன. பட்டினத்தையும் கல்லடியையும் இணைத்து 1924இல் கட்டிய லேடி மன்னிங் பாலத்தின் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்தது. மண்முனையில் தலைமுறை தலைமுறையாக மிதவையில் கடந்தவர்களுக்கு 2014இல் ஜப்பானிய உதவியோடு பாலம் கிடைத்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆசிரியர்களின் ஆயுளில் அன்றாடம் ஒரு மணித்தியாலத்தை அது திருப்பிக் கொடுத்தது என்றால் மிகையில்லை. வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலங்கள் உண்டு. ஆனால் பாலங்களுக்கு இடையில் உள்ள ஊர்களுக்கு இன்றும் பாதைதான் கதி. வாவி கடக்கும் மிதவையை மட்டக்களப்பார் 'பாதை' என்பார்கள். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் போவதற்குப் பாதை ஏறித்தான் பழக்கம்.

குருமண்வெளித் துறையில் காலை ஆறரைக்கு நின்றால் பாதி மாவட்டத்தின் கல்வி நிர்வாகத்தைப் பார்த்துவிடலாம். தட்டையான இரும்புத் தளத்தில் மோட்டார் சைக்கிள்கள் கைப்பிடியோடு கைப்பிடி உரச நிற்கும். ஓரத்தில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி டீச்சர்மார். மடியில் பயிற்சிப் புத்தகக் கட்டு. நேற்றிரவு திருத்தி முடியாததைச் சிலர் பாதையிலேயே சிவப்புப் பேனாவோடு முடிப்பார்கள். பால்காரர், மீன் கூடைக்காரர், பிரதேச செயலக எழுதுவினைஞர், தாதி எல்லாம் அதே தளத்தில். "டீச்சர், இஞ்சால வாங்க, அந்த பைக் சாயும்" என்று பாதைக்காரர் குரல் கொடுப்பார். கரையிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால், "பொறுங்க, கணக்கு சேர் வாறார்" என்று பாதை தாமதிக்கும். அந்தத் தயவு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

ஏன் ஓடிவருகிறார்? ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். அதற்கு மேலே கையெழுத்து இருந்தால் நேரத்துக்கு வந்தவர், கீழே போனால் பிந்தியவர். இப்போது பல இடங்களில் விரல் அடையாள இயந்திரம் வந்துவிட்டது. அந்த இயந்திரத்துக்கு வாவியில் காற்று எழும்பியது தெரியாது. மார்கழி மாரியில் பாதை ஓடாத நாட்கள் வரும், அன்றைக்குச் சுற்றி வளைத்துப் பாலம் தேடிப் போக வேண்டும். வெள்ளம் வீதியை மூடினால் அதுவும் இல்லை. மேற்கே போகப் போக இன்னொரு கவலை, யானை. படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் விடியற்காலையிலும் மம்மல் நேரத்திலும் வீதியில் யானை நிற்பது செய்தியே அல்ல.

பாதைப் பயணம் ஆபத்தில்லாதது என்றும் நினைத்துவிடக்கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி அயல் மாவட்டமான திருகோணமலையில், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுவந்த இடத்தில் மாற்றுவழியாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. காலைநேரம். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். கிழக்கு மாகாணத்தில் பாதை ஏறுகிற ஒவ்வோர் ஆசிரியரும் அன்றைக்குத் தம் துறையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

பட்டியலில் ஏறாத வேலை

சிறந்த ஆசிரியர் யார் என்று கேட்டால் எங்கள் ஊர்களில் உடனே வரும் பதில் பெறுபேறு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர், சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எத்தனை, உயர்தரத்தில் மருத்துவபீடத்துக்கு எத்தனை. பெறுபேறு வந்த மறுநாள் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுவது எங்களிடம் திருவிழாவாகவே ஆகிவிட்டது. இந்த அளவுகோல் பட்டினத்துப் பெரிய பாடசாலைகளுக்கு இயல்பாகவே வாய்ப்பானது. ஏற்கெனவே கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கேதான் சேர்கிறார்கள். பின்னேரம் டியூஷன், வீட்டில் படித்த தாய், மேசையில் இணையம்.

இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. பதினோராம் ஆண்டோடு நிற்பவை வகை 2. பெரும்பாலும் ஆரம்பப் பிரிவை மட்டும் கொண்டவை வகை 3. படுவான்கரையில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறிய வகை 3 பாடசாலையில் மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்து ஒருவரே படிப்பிக்கும் பல்தரக் கற்பித்தல் சாதாரணம். ஒரு பக்கம் பெருக்கல் வாய்பாடு, மறுபக்கம் சுற்றாடல் பாடம், நடுவில் ஒரே ஒரு கரும்பலகை. அதை ஒழுங்காகச் செய்வதற்கு வேண்டிய திறமை பட்டினத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்து ஒரு பாடம் நடத்துவதற்கு வேண்டியதைவிடக் கூட. ஆனால் அங்கே ஒன்பது ஏ கிடையாது, ஆகவே பதாகையும் கிடையாது.

அங்கே வெற்றி வேறு மாதிரித்தான் இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க அம்மம்மாவிடம் வளரும் பெண்பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் நின்றுவிடாமல் சாதாரண தரம் எழுதுவது ஒரு வெற்றி. அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போன பையனை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்து வகுப்பில் இருத்துவது ஒரு வெற்றி. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் ஆண்டுக்கு வந்தவன் தவணை முடிவில் பலகையில் எழுதியதை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றி. இவற்றைச் செய்து முடித்த ஆசிரியரின் பெறுபேற்றுப் பத்திரத்தில் பத்துப் பேர் எழுதி நான்கு பேர் சித்தி என்றுதான் இருக்கும். கொழும்பில் இருந்து கோப்பைப் புரட்டுகிறவருக்கு அது தோல்வி போலத் தெரியும்.

அதனால் நடப்பது என்ன? இளம் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் படுவான்கரைக்குப் போகிறார். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கம் அட்டவணை போட்டிருக்கிறது, அங்கே குறித்த காலம் சேவை செய்துவிட்டு நகரத்துக்கு மாறலாம். கைக்குப் பழக்கம் வந்து, பிள்ளைகளின் வீடு தெரிந்து, எந்தக் குழந்தைக்கு எது ஓடாது என்று பிடிபடுகிற நேரத்தில் இடமாற்றக் கடிதம் வந்துவிடும். அடுத்த புதியவர் முதலிலிருந்து தொடங்குவார். அக்கரை எப்போதும் பயிற்சிக்களமாக இருக்க, அங்கே கைதேர்ந்தவர் விருது வாங்குவது இக்கரையில்.

இக்கரை ஆசிரியரின் உழைப்பை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேரை மேய்ப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் தார்வீதியிலும் மற்றவர் சேற்று வயலிலும் ஓட, முடிவுக்கோட்டில் மட்டும் நேரம் பார்ப்பது நீதியா என்பதே கேள்வி.

திரும்பி வந்த ஆசான்கள்

கெட்டிக்காரன் வெளியே போவான் என்பது இந்த மண்ணின் பழைய வழக்கமில்லை. மட்டக்களப்பின் கல்வி வரலாற்றில் பெரியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களும் போய்த் திரும்பி வந்தவர்களுமே. 1814இல் வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் ஓல்ட் இங்கே இறங்கினார். ஓராண்டு நிறைவதற்குள் நோயில் இறந்தார். அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார், இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதிலிருந்து எண்ணப்படுகிறது. புனித மைக்கேல் கல்லூரி 1873இல் வந்தது.

தமிழுலகம் அறிந்த ஆசிரியர் இந்த வாவிக்கரையில் ஒருவர் என்றால் அது சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் புனித மைக்கேல் கல்லூரியில் படித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் அவர் கையில் இருந்தன. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த ஆள். அதை உதறிவிட்டுச் சென்னைக்குப் போய் இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியானார். திரும்பி வந்தவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அப்போது அந்தப் பல்கலைக்கழகம் கொழும்பில்தான் இருந்தது. வாவிக்கரை ஆசிரியர் ஒருவர் தலைநகருக்கு அழைக்கப்பட்ட கதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. 1947 ஜூனில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். சமாதி வைத்தது கொழும்பிலும் இல்லை, சிதம்பரத்திலும் இல்லை. தாம் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் வளவில், கல்லடியில்.

குருமண்வெளித் துறைக்கு எதிரே தெரியும் மண்டூர் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளையின் ஊர். பகவத்கீதையை வெண்பாவில் தந்தவர், தொழில் ஆசிரியம். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் கதை இன்னும் சுவையானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்ற முனைந்தபோது, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்புக் கிராமத்திலிருந்து அழைத்துப் போனது அவரை. 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. பட்டதாரி மாணவர்களின் காலுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தது பட்டம் பெறாத அண்ணாவியார். கூத்து அரங்கேறும் இரவில் அண்ணாவியாருக்கு ஊரே பரிசு கொடுக்கும். மரியாதை செய்கிறவர்கள் அவர் பழக்கிய ஆட்டத்தை விடியவிடியக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த மரியாதையில் பிழை நேர வழியில்லை. இன்றைய விருதுக் குழுவுக்குக் கிடைக்காத வசதி அது.

மூன்றாவது திசை ஒன்றும் உண்டு. தலைநகரே கிராமத்துக்கு வந்தது. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர 1945இல் இலவசக் கல்வியைச் சட்டமாக்கினார். கொழும்பு, கண்டிப் பெரிய கல்லூரிகளின் தரத்தில் கிராமங்களிலும் கல்லூரி வேண்டும் என்று நாடெங்கும் மத்திய கல்லூரிகளைத் தொடங்கினார். வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படி வந்தது. அதே வளவில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. பிள்ளையைக் கொழும்புக்கு இழுக்காமல் கல்லூரியைக் கிராமத்துக்கு அனுப்பிய அந்த யோசனையால் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் டாக்டரானார்கள், பொறியியலாளரானார்கள், ஆசிரியருமானார்கள். இன்று விருது வாங்கப் போகிறவர்களில் பலர் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்.

மாலையும் சம்பளப் பட்டியலும்

மரியாதைக்கு ஒரு முகம் மேடை, மறுமுகம் சம்பளப் பட்டியல். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 1997இலிருந்து இழுபட்ட விவகாரம். 2021 ஜூலை 12இல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒக்டோபர் கடைசிவரை அது நீண்டது. அந்த ஆண்டின் ஆசிரியர் தினம் வேலைநிறுத்தத்தின் நடுவில்தான் வந்துபோனது. அந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்ததில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தச் சம்பளம் கைக்கு வந்த ஓரிரு மாதத்தில் ரூபாய் சரிந்தது. கூடிய சம்பளம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போனது.

அதே ஆண்டு ஜூனிலும் ஜூலையிலும் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீட்டர். பட்டினத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள படுவான்கரைப் பாடசாலைக்கு ஐந்து நாளும் போய்வர முந்நூறு கிலோமீட்டர். லீட்டருக்கு நாற்பத்தைந்து ஓடினாலும் நான்கு லீட்டரில் நூற்றெண்பதுதான். மிச்ச நூற்றிருபதை எப்படி ஓடினார்கள்? இரண்டு பேர் சேர்ந்து ஒரு பைக்கில். ஒரு நாள் ஒருவருடைய பெற்றோல், மறுநாள் மற்றவருடையது. சிலர் பாடசாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள், சிலர் சைக்கிள் வாங்கினார்கள். அந்த ஆண்டு படுவான்கரைப் பாடசாலைகளின் கதவு திறந்திருந்ததே ஒரு சாதனை. அதற்குப் பதக்கம் அடித்திருந்தால் நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

விருது ஒருவருக்கு, வேலை பலருடையது என்பதை உணர்ந்து நடந்த ஆசிரியர் ஒருவரை உலகம் 2020இல் பார்த்தது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரித்தேவாடி என்ற சிறு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசாலே. பாடநூலில் கியூஆர் குறியீட்டை ஒட்டி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடத்தைக் கேட்க வழிசெய்தவர். உலக ஆசிரியர் பரிசாகப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் அறிவிக்கப்பட்டபோது, பாதியைத் தம்மோடு இறுதிச் சுற்றுக்கு வந்த ஒன்பது பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதாகச் சொன்னார். மட்டக்களப்பு டீச்சர் கொழும்பு மேடையில் நிற்கிற அந்த நாளில் அவருடைய மூன்றாம் பாடவேளையை எடுத்துக்கொண்டிருக்கிற ஆசிரியையும் அந்த விருதில் பங்குக்காரிதான். அவருடைய பெயரை யாரும் வாசிப்பதில்லை.

விருது வாவி கடக்கட்டும்

அப்படியென்றால் என்ன செய்வது? கொழும்பு விழாவை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் ஒரு நாள் தலைநகரில் கொண்டாடப்படுவது பிள்ளைகளுக்கும் நல்ல காட்சி. தன் டீச்சர் தொலைக்காட்சியில் தெரிவதைக் கண்ட பிள்ளை படிப்பிப்பதை ஒரு மதிப்புள்ள தொழிலாக நினைக்கும். ஆனால் மூன்று மாற்றம் வேண்டும். மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை.

முதலாவது, அளவுகோல். பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதோடு, எங்கிருந்து தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறாம் ஆண்டில் வந்தபோது எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும், பதினோராம் ஆண்டில் எத்தனை பேர் பரீட்சைக்கு இருந்தார்கள், இடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்ற விவரம் ஒவ்வோர் அதிபரின் அலுமாரியிலும் இருக்கிறது. அதிகஷ்டப் பிரதேசத்தில் கட்டாயக் காலம் முடிந்தபிறகும் விரும்பித் தங்கிய ஆண்டுகளுக்குத் தனிப் புள்ளி வேண்டும். இடமாற்றம் கேட்காதவரை அரசாங்கம் இதுவரை எந்த மேடையிலும் ஏற்றிப் பாராட்டியதாக ஊரில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, அந்த நாளின் நிகழ்ச்சி நிரல். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் நாட்டின் சிறந்த ஆசிரியர்களைச் செலவழித்துக் கொழும்புக்கு அழைத்துவிட்டு, வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்புவது வீண். பதக்கம் கொடுத்த பிறகு அவர்களை இசுருபாயவில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து இரண்டு மணித்தியாலம் பேசவிட வேண்டும். பாடத்திட்டம் எழுதுகிறவரும் இடமாற்றக் கொள்கை வகுக்கிறவரும் எதிரே இருக்க வேண்டும். பல்தர வகுப்புக்கு என்ன மாதிரிப் பாடநூல் வேண்டும் என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் நாட்டில் வேறு யாரும் இல்லை. சொன்னதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிட்டால் அடுத்த ஆண்டு வருகிறவர், போன ஆண்டு சொன்னது என்ன ஆனது என்று கேட்கலாம்.

மூன்றாவது, திசை. வருடத்தில் ஒரு தடவை விழா ஆசிரியரிடம் போகட்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன, இரண்டு கரைக்கும் பங்கு உண்டு. கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ பந்தல் போட்டு, பெற்றோரும் பாதைக்காரரும் வயல்காரரும் பார்க்க, அதிகாரிகள் வந்து கொடுக்கட்டும். அண்ணாவியாருக்குச் செய்வது போல, வேலையைக் கண்ணால் கண்டவர்கள் கூடியிருக்கும் இடத்தில் பெறுகிற மரியாதையின் நிறை வேறு. வருகிற அதிகாரிகள் முதல்நாள் வந்து எழுவான்கரையில் தங்கினால், மறுநாள் விடிய ஆசிரியர்களோடு பாதை ஏறித்தான் விழாவுக்குப் போக வேண்டியிருக்கும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாலம் ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகு மகஜர் எழுதத் தேவைப்படாது.

கன்னங்கரவின் காலத்தில் தலைநகர் தன் நல்ல கல்லூரிகளின் மாதிரியைக் கிராமத்துக்கு அனுப்பியது, அதன் பலனை எண்பது ஆண்டாக இந்த நாடு அனுபவிக்கிறது. அனுப்ப வேண்டிய அடுத்த பொருள் மரியாதை. அது மாலையோடு மட்டும் வந்தால் போதாது, பாலத்தோடும் உரிய சம்பளத்தோடும் நிலையான ஆசிரியர்களோடும் வர வேண்டும். வாவிக்கு மேற்கே பிறந்த பிள்ளைக்கு நல்ல டீச்சர் ஐந்து ஆண்டு தொடர்ந்து கிடைத்தால், கொழும்பில் யாருக்குப் பதக்கம் கொடுப்பது என்று தேடிக் களைக்க வேண்டியிருக்காது.